பொன் போட்ட கழுத்து

மருந்துக் கேப்சூலை உடைத்துத் தேனில் குழைத்தால் ஒரு நாற்றம் வரும். ஈரச் சாக்குக்கும் நாட்பட்ட முட்டைக்கும் நடுவே எங்கேயோ நிற்கிற நாற்றம், அதற்கு மேலே போர்த்திய மாதிரி தேன் வாசம். போன மாதம் கல்லூரியில் படிக்கிற அக்கா மகளுக்குத் தொண்டை அடைத்துப்போய் எதையும் விழுங்க முடியாமல் இருந்தபோது, அக்கா சமையல்கட்டில் வீட்டில் மிச்சம் கிடந்த ஒரு கேப்சூலைத் திருகிப் பிரித்துக் கரண்டியில் கொட்டி விரலால் கலக்கினாள். நான் கூடத்தில் இருந்தேன். நாற்றம் வந்தது. எழுந்து போய் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக் கழுவும் தொட்டியில் போட்டேன்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் அக்கா.

இருக்கலாம். முப்பத்தைந்து வருடமாக மூக்குக்குள் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்து, சாயங்காலம் ஓர் இளம் டாக்டர் பெயர் சொன்னார்: மோனோநியூக்ளியோசிஸ். சுரப்பிக் காய்ச்சல் என்றும் சொல்லலாமாம். எச்சில் வழியாகப் பரவுகிற வைரஸ்.

"இதுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாங்க. அந்த மாதிரி கேப்சூல் சிலதைக் குடுத்தா ஒடம்பு பூரா செவப்பாத் தடிச்சுக்கும்."

"அம்மை போட்ட மாதிரியா?"

"அப்படியே. ஏங்க, எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். என்ற மேலதான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காய்ச்சல் போன பிறகும் அசதி வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அப்படி இழுத்தால் ரத்தக்குறைவு, தைராய்டு, சர்க்கரை, தூக்கம், மனசு என்று வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அசதி என்பது ஒரே வாசல் உள்ள வீடு இல்லை என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொல்லிமலையில் இருந்தேன். குண்டனி நாட்டில், தை மாதத்தில், எட்டாம் வகுப்பில்.

எனக்கு அன்று வந்தது இதேதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. அந்த ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆனாலும் என் சோட்டுக்காரர்களே, ஐம்பதை நெருங்கிவிட்டு மூட்டுக்கும் முதுகுக்கும் மாத்திரை விழுங்குகிற நீங்கள் எல்லாம் இன்று "அலுப்பா இருக்கு" என்று சொன்னால் உலகம் நாற்காலி போடுகிறது. பதின்மூன்று வயதில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மலைமேல் இருந்த விடுதிப் பள்ளியில் நாங்கள் நாற்பது பெண்கள். தண்ணீர்ப் பானைக்கு ஒரே ஒரு அலுமினியத் தம்ளர். அதன் விளிம்பு நசுங்கி ஒரு பக்கம் மட்டும் வாய்க்கு வாகாக இருக்கும். நாற்பது வாயும் அந்த ஒரு பக்கத்தைத்தான் தேடும். கொய்யா கிடைத்தால் காக்காக் கடி. பாவாடைத் துணியைப் பழத்தின் மேல் போர்த்திக் கடித்துப் பிளந்தால் எச்சில் படாது என்பது எங்கள் சட்டம். துணி ஈரமாகும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டோம். கார்த்திகையில், தொண்டை கட்டிக் கிடந்து எழுந்த பக்கத்துப் பாய்க்காரி எனக்குப் பாதிக் கொய்யா தந்தாள். சிவப்புக் கொய்யா. அதன் ருசியை இன்றும் குறை சொல்லமாட்டேன்.

மார்கழிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். தொண்டைக்குள் யாரோ சாமை உமியைக் கொட்டி அடைத்த மாதிரி. கழுத்தின் இரண்டு பக்கமும் கோழி முட்டை அளவுக்கு வீக்கம். வார்டன் அம்மா சொல்லி அனுப்ப, அப்பா வந்து கூட்டிப்போனார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்கு இரண்டு மேடு ஏற வேண்டும். அப்பா என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினார். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேறு சிலது சொல்லப் போவதால்.

வீட்டில் அத்தை வந்து காத்திருந்தார். அப்பாவின் அக்கா. ஊரிலேயே கடை வைத்திருந்த வீடு அவருடையது. பொன் இருந்த வீடும் அது ஒன்றுதான். என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பொன்னுக்கு வீங்கி. வேற என்ன? கழுத்துல பொன்னு கெடந்தா ஏழாம் நாளு வத்திரும்."

"பொன்னுக்கு நாங்க எங்கீங்க போறது?" என்றார் அம்மா.

"நான் ஒருத்தி எதுக்குடி இருக்கறேன்?"

தன் கழுத்திலிருந்த ஒற்றைவடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அவர் உடம்புச் சூட்டோடு வந்தது சங்கிலி. எனக்குக் காய்ச்சல், ஆனாலும் அது சூடாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: வீக்கத்துக்குப் பொன் போட்டவர் கையாலேயே அதை எடுக்கவும் வேண்டும். மற்றவர் எடுத்தால் வீக்கம் திரும்பி வரும் என்பார்கள். இந்த வழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் படிப்பு அந்தக் கொக்கியில்தான் மாட்டியிருந்தது.

ஏழாம் நாள் வீக்கம் வற்றவில்லை. அப்பா அன்னாசிக் கூடையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியவர், அங்கே ஒரு மருந்துக்கடையில் காய்ச்சல் என்றும் தொண்டை என்றும் சொல்லி, பாதி சிவப்பும் பாதி கறுப்புமான கேப்சூல்களை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கி வந்தார். என்னால் விழுங்க முடியவில்லை. அம்மா உடைத்துத் தேனில் குழைத்தார். வெறும் கூடுகளை நான் விடவில்லை. விரல் நுனிகளில் தொப்பியாக மாட்டிக்கொண்டு பத்து விரலுக்கும் சண்டை மூட்டிவிடுவேன். பிறகு காம்பஸ் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். மலைப்பனியில் அவை ஊறி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிவப்புப் பிசினாகிப் போயின. அந்தக் காம்பஸ் பெட்டியும் போய்விட்டது. அதற்கு இன்றும் என்னிடம் ஒரு வருத்தம் உண்டு, மற்ற பலதற்கு இல்லாத வருத்தம்.

நாலைந்து நாளில் உடம்பு முழுவதும் சிவப்பு. நெஞ்சில் தொடங்கி முதுகு, கை, கால் என்று நிலப்படம் மாதிரி தடித்துக்கொண்டு போனது. அம்மா வாசலில் வேப்பங்கொத்துச் செருகினார். தாளிப்பு நின்றது. மீன் வாசம் நின்றது. அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். யாரை? என்னை. முந்தின வாரம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த என்னை.

அப்பா தூரத்தில் உட்கார்ந்து, "தாயி, ஒரு வாய் கூழு குடிங்க தாயி" என்றார்.

குடிங்க! வாழ்க்கையிலேயே அப்பா என்னிடம் மரியாதையாகப் பேசிய நாட்கள் அவை. நான் கண்ணைத் திறந்தால் தலை குனிந்தார். திறக்காவிட்டால் காத்திருந்தார். எழாமல் கிடப்பது அப்போது குற்றமே இல்லை. ஆத்தா இறங்கியிருக்கிறாள், அவள் இஷ்டத்துக்கு இருப்பாள், போவாள். வேப்பிலைப் படுக்கையில் கிடந்துகொண்டு, உடம்பு ஒரு மூட்டை மாதிரி கனக்கும்போதும், நான் அந்த மரியாதையை ரகசியமாக ரசித்தேன். பொய் சொல்வானேன்.

சிவப்பு இறங்கியது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினார்கள், இடையில் நாள் விட்டு நாள் விட்டு. மூன்றாவது தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை அப்பாவின் குரல் கேட்டது.

"எந்திரிடி. வெயில் வந்துருச்சு."

ஆத்தா போய்விட்டாள். வீக்கமும் அதற்குள் வற்றிவிட்டது. காய்ச்சல் இல்லை. வெளியே தெரிகிற மாதிரி என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை, கழுத்துச் சங்கிலியைத் தவிர. அத்தை அதை எடுக்க வரவில்லை.

நான் எழுந்தேன். கதவு வரை போனேன். உட்கார்ந்தேன்.

இதை எப்படிச் சொல்வது. தூக்கம் இல்லை அது. தூங்கி எழுந்தால் தூங்கப் போனதைவிட மோசமாக இருக்கும். வலியும் இல்லை, வலி என்றால் ஓர் இடத்தைக் காட்டலாம். கையைத் தூக்க நினைத்தால் நினைப்பு மட்டும் எழுந்து போகும், கை பின்னால் வராது. சட்டியைக் கழுவ உட்கார்ந்தால் சட்டி மலையாக இருக்கும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அந்த வரியின் தலை மறந்துபோகும். பின்னல் போட மாட்டேன். போட்டால் அன்றைய பலம் பின்னலிலேயே தீர்ந்துவிடும்.

ஆளாளுக்குக் காரணம் கொண்டுவந்தார்கள், விருந்துக்குப் பலகாரம் கொண்டுவருகிற மாதிரி. ரத்தம் இல்லை என்றார்கள். வயிற்றில் பூச்சி என்றார்கள். ஆற்றோரம் எதையோ கண்டு பயந்திருக்கிறாள். விடுதிச் சோறு சேரவில்லை. வயசுக்கு வரப் போகிறாள், அந்தக் கிறக்கம். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று குடிக்கக் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் குடித்தேன். கடைசியில் காரணங்கள் தீர்ந்துபோனதும் ஊர் தன் கைவசம் எப்போதும் வைத்திருக்கிற காரணத்தை எடுத்தது: சோம்பேறித்தனம்.

"ஒடம்பு வணங்கல. படிக்கற புள்ளைக்கு வேற என்ன சீக்கு வரும்?"

அந்தச் சமயத்தில்தான் வார்டன் அம்மாவிடமிருந்து சேதி வந்தது. மாசி முடிவதற்குள் வந்து சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், பரீட்சை எழுத முடியாது. எங்கள் ஊரில் எட்டாவது வரை போன பெண் நான் ஒருத்திதான். பெயரை எடுத்தால் திரும்பச் சேர்க்க அப்பா இன்னொரு முறை அலையமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

மிளகு பழுத்துவிட்டது. எங்கள் மலையில் மிளகு எடுப்பது மாத்தாள் முறையில். இன்று உன் காட்டுக்கு நாங்கள், நாளை எங்கள் காட்டுக்கு நீங்கள். ஏணி ஏறுகிற ஆண்களைத் தவிர வீட்டுக்கு இரண்டு ஆள் போக வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அம்மாவோடு இரண்டாவது ஆள் நான். மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியில் ஆண்கள் ஏறிக் கொத்துக் கொத்தாகப் பறித்துப் போடுவார்கள். கீழே சிதறுகிறதைப் பொறுக்குவது என் வேலை. வேலைகளிலேயே சின்ன வேலை. ஆறேழு வயதுப் பிள்ளைகள் செய்வது.

அன்று எங்கள் காட்டு முறை. இரண்டு மரம் பொறுக்கினேன். மூன்றாவது மரத்தடியில் குனிந்தவள் அப்படியே பச்சை மிளகுக் குவியலில் முகம் வைத்துப் படுத்துவிட்டேன். காரமும் பச்சையும் கலந்த குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. எறும்பு ஏறியது, தட்டிவிடவில்லை. தலைமாட்டில் யாரோ சிரித்தது கேட்டது. அடுத்த காட்டுக்காரம்மா.

"ஏனுங்க, உங்கூட்டு மலைப்பாம்பு எதையோ முழுங்கிப்போட்டுப் படுத்திருக்குதுங்க! அஞ்சாறு நாளைக்கு எந்திரிக்காது!"

மரத்துக்கு மரம் சிரிப்பு தாவியது. ஏணி மேலிருந்த ஒருவர், "ஆட்டுக்குட்டி ஏதாச்சும் காணாமப் போயிருக்குதான்னு பாருங்கடா" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும். மூன்று வாரத்துக்கு முன் என்னைக் கும்பிட்டவர்கள்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கி வந்தார். தலைமுடியைப் பிடித்து எழுப்பினார். ஒரு கூடை பச்சை மிளகைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"ஊட்டுல கொண்டு போயி வெச்சுட்டு வா. எல்லாரும் பாக்கட்டும்."

மேடு பாதி ஏறினேன். இடது விலாவுக்குக் கீழே ஏதோ இழுத்துப் பிடித்தது. கண் முன்னால் காடு வெள்ளையானது. விழுந்தேன். கூடை கவிழ்ந்து மிளகு சரிவெல்லாம் உருண்டது. பின்னாலேயே ஓடி வந்த அப்பா முதலில் மிளகைத்தான் பொறுக்கினார்.

இந்த நோயில் மண்ணீரல் வீங்குவது உண்டு, அப்போது சுமை தூக்கக் கூடாது, அடிபட்டால் உள்ளேயே கிழிந்துவிடக்கூடும் என்று அக்கா மகளுக்குச் சொல்லிக்கொண்டே டாக்டர் தன் இடது விலாவைத் தொட்டுக் காட்டினார். நானும் என்னுடையதைத் தொட்டுக்கொண்டேன். அப்பா செய்தது அப்பாவுக்குத் தெரியாது. பத்துப் பேர் பார்க்க ஒரு மகள் விழுந்து கிடந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. மிளகு பழகிய பொருள், அதனால் கை அங்கே போயிற்று. இதெல்லாம் இப்போது புரிகிறது. புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் ஒன்று என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த மேட்டில் ஒரு முறை ஏறச் சொல்வேன்.

மறுநாள் நர்சம்மா வந்தார். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறவர். அம்மா, அப்பாவைக் கேட்காமல், அவரை வழிமறித்து உள்ளே கூட்டிவந்தார். நர்சம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். படுக்க வைத்து வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தவர் இடது விலாவடியில் நின்றார். நான் நெளிந்தேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டார்.

அப்பா கதவடியில் நின்றிருந்தார். "என்னங்க சீக்கு?"

நர்சம்மா கையைத் துடைத்தார். "எனக்குத் தெரியலீங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றரை மாதத்தில் எனக்கு அதைச் சொன்ன முதல் ஆள்.

"ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது, மாத்திரை தாரேன். ஆனா அதுக்கு மேலயும் என்னமோ இருக்குது. அது என்னன்னு எனக்குத் தெரியலீங்க. இவ நடிக்கல, அது தெரியும். சொமை மட்டும் தூக்க உடாதீங்க."

"என்ன சீக்குன்னே தெரியலீன்னா, நடிக்கலைன்னு மட்டும் எப்படிங்க சொல்றீங்க?"

"நடிக்கற புள்ளை யாராச்சும் பாக்கறப்பத்தான் நடிக்கும். ஆரும் பாக்காதப்ப இது என்ன பண்ணுது? உங்கூட்டுக்காரம்மாவக் கேளுங்க."

அம்மா முந்தானையைத் திருகினார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே பேசினார். "வெளிக்குப் போயிட்டு வாரப்ப நடுத்தடத்துல குத்த வெச்சு உக்காந்துக்கறாளுங்க. அழுவறதும் இல்ல. ஆரையும் கூப்புடறதும் இல்ல. நான் நாலஞ்சு தடவை பாத்தேனுங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

நர்சம்மா பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதினார். இவளுக்கு ஓய்வு தேவை, வேலை வாங்க வேண்டாம், உட்கார விடவும் என்று. வைரஸ் பெயரைப் பரிசோதனைத் தாளில் அச்சடித்துத் தருகிற இந்தக் காலத்திலும் அந்தச் சீட்டுக்கு இணையாக ஒன்றை நான் வாசித்ததில்லை. அதுவும் என்னிடம் இப்போது இல்லை.

சீட்டு வந்ததும் அப்பா மாறிவிடவில்லை. அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். மாசி பாதி போயிற்று. என்னை மிளகுக்குக் கூப்பிடவில்லை, பள்ளிக்கும் கூப்பிடவில்லை. அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் அத்தை வந்தார். சங்கிலியைப் பார்த்தார். எடுக்கவில்லை. உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"தம்பி, நான் நேராவே பேசறேன். படிப்பு இதுக்கு ஒத்துக்காது. காட்டு வேலைக்கும் ஆவாது. நாளைக்கு ஆரு வந்து கேப்பாங்க இவள? சங்கிலி கழுத்துலயே கெடக்கட்டும். ரெண்டு மூணு வருசம் போவட்டும். எம்பையன் மறுபேச்சு பேச மாட்டான். கடையில குந்திக்கிட்டுப் பொட்டலம் மடிச்சுக் குடுத்தாப் போதும், ஒரு துரும்பத் தூக்கச் சொல்ல மாட்டேன்."

அது இரக்கம்தான். இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஊரிலேயே எனக்கு உட்கார இடம் தருகிறேன் என்று சொன்னது அத்தை ஒருவர்தான். அந்த இடத்தின் விலை நான் என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

அப்பா பேசாமல் இருந்தார். அவர் மறுக்க நினைத்தால் உடனே மறுத்துவிடுவார். பேசாமல் இருந்தால் சம்மதிக்க வார்த்தை தேடுகிறார் என்று அர்த்தம். அம்மாவின் உலக்கைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அந்த வயதில் நான் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை அது. கை காது வரை போனது, விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினேன். கொக்கி அகப்பட்டது, நகம் நழுவியது. கையை மடியில் போட்டுச் சற்று நேரம் வைத்திருந்தேன். யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை, மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் முறை கழன்றது. சங்கிலியை உள்ளங்கையில் சுருட்டி, எழ முடியாததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், அத்தையின் மடியில் வைத்தேன்.

"வீக்கம் எறங்கி ஒரு மாசம் ஆச்சுங்கத்தை."

"அடியே, போட்டவங்கதான்டி எடுக்கணும்!"

"நீங்க எடுக்கலீங்களே."

"மறுக்கா வீங்குச்சுன்னா?"

"வீங்கட்டும். நான் பள்ளிக்கூடம் போறேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பாத்தியா தம்பி? கை தூக்க முடியலைன்னு பின்னலு கூடப் போடாதவ, இதுக்கு மட்டும் எப்படித் தூக்குனா? எல்லாம் திமிரு."

கவனியுங்கள், என் வயதுக்காரர்களே. அசந்து கிடக்கிறவளுக்கு உலகம் வைத்திருக்கிற பொறி இது. எழாவிட்டால் சோம்பேறி. ஒரு தடவை எழுந்துவிட்டால், அப்படியானால் இத்தனை நாள் நடித்தாயா என்பார்கள். அந்த ஒரு தடவைக்காக அவள் எத்தனை நாளை உடைத்துப் போட்டாள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. அந்தச் சங்கிலிக்குப் பிறகு நான் இரண்டு பகல் பாயைவிட்டு அசையவில்லை. அதை அத்தை பார்க்கவில்லை. ஆனால் அப்பா பார்த்தார். இரண்டாம் நாள் பொழுதோடு வந்து, கதவடியில் நின்று, பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து சீட்டை எடுத்து மடிப்பைப் பிரித்து வாசித்தார். எழுத்துக் கூட்டி, உதடு அசைய. மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்குக் காத்தால முத பஸ்ஸு" என்றார்.

நோயை வென்றேன் என்று இங்கே எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள். வெல்லவில்லை. மனசு வைத்தால் போதும் என்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். மனசு என்னிடம் அப்போதும் ஏராளமாக இருந்தது, உடம்புதான் இல்லை. பரீட்சையில் கணக்கில் தோற்றேன், மற்றதில் தேறினேன், அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அசதி அடுத்த வருட மழை வரைக்கும் என்னோடு ஒரே பாயில் படுத்தது. பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லத் தெரியாத ஒரு நாள், இல்லை. அக்கா மகளிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் கல்லூரிக்கு இன்னும் போகவில்லை. அக்கா அவளை எழுப்பப் போகும்போதெல்லாம் நான் கதவில் குறுக்கே நிற்கிறேன்.

பள்ளிக்குக் கிளம்பிய அன்று காலை தகரப் பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொண்டார். மேட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்குவதற்குள் நான் ஆறு முறை உட்கார்ந்தேன். முதல் முறை அப்பா, "பஸ்ஸு போயிரும்" என்றார். இரண்டாம் முறை வானத்தைப் பார்த்தார். மூன்றாம் முறை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நாலடி தள்ளி அவரும் உட்கார்ந்து, பீடியைப் பற்றவைத்தார், தனக்குத்தான் அலுப்பு என்கிற மாதிரி. தடத்தில் எதிரே வந்த ஒருவர், "என்னங்க, நடுத்தடத்துல அப்பனும் புள்ளையும்?" என்று கேட்டதற்கு, "சும்மாதானுங்க, காத்து வாங்கறோம்" என்றார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

விடுதி வாசலில் வார்டன் அம்மா சீட்டை இரண்டு முறை வாசித்தார். "உக்கார வெச்சுப் பாடம் நடத்தறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. "நர்சம்மா கையெழுத்துப் போட்டுருக்காங்கம்மா. படிச்சுப் பாருங்க. புள்ளை நடிக்கல."

வார்டன் அம்மா என்னைப் பார்த்தார். பெயரேட்டைத் திறந்தார். என் பெயர் அதில் இன்னும் இருந்தது.

அப்பா பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தார். துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். போகிற மாதிரி நாலடி நடந்து, திரும்பி வந்தார். என் தலையில் கை வைக்க வந்த கை, எங்கே வைப்பது என்று தெரியாமல், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"முடியலீன்னா ஆரு கிட்டயாச்சும் சொல்லி உடு கண்ணு. அப்பா வந்து ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"முடியலீன்னா உக்காந்துக்கறேனுங்கப்பா. கூட்டிக்கிட்டுப் போக வராதீங்க."